ஹைட்ரஜன் இருக்குமிடம்



சங்கரன்கோயிலை அடுத்த கரிவலம்வந்தநல்லூர் என் ஊர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி ஆசிரியனாக இருந்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். மாணவன் ஒருவன் என்னைக் கேட்டு, நான் விடை கூறாமல் விட்ட ஒரு கேள்வியின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அது 1987ஆம் ஆண்டு. மேல்நிலை வகுப்பில் பனிக்கட்டியின் அமைப்பைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தேன். ஆக்சிஜனுக்குப் பெரிய வட்டம். ஹைட்ரஜனுக்குச் சிறிய வட்டம். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “ஐயா, எக்ஸ் கதிர்களைக் கொண்டு அணுக்களின் இடத்தைக் கண்டார்கள் என்றீர்கள். அக்கதிர்களுக்கு எலெக்ட்ரான்களே புலப்படும் என்றும் சொன்னீர்கள். ஹைட்ரஜனிடம் இருப்பதோ ஒரே ஓர் எலெக்ட்ரான். அப்படியானால் அந்தச் சிறு வட்டம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது?” என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. “அது தேர்வுக்கு வராது, உட்கார்” என்றேன். அவன் உட்கார்ந்தான். அந்த ஆண்டு முழுவதும் அவன் வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை.

அவன் கேட்டது எத்துணை நுட்பமான கேள்வி என்பதை முதலில் பார்ப்போம். கற்கண்டு, உப்பு, மயில்துத்தம் ஆகியவை படிகங்கள். படிகத்தினுள் அணுக்கள், நம் வீட்டு வாசலில் இடும் புள்ளிக்கோலம் போல, ஒரே ஒழுங்கில் மீண்டும் மீண்டும் அமைந்திருக்கின்றன. 1912ஆம் ஆண்டில் ஜெர்மனியில் லாவே என்பவரின் யோசனைப்படி ஒரு படிகத்தின் வழியே எக்ஸ் கதிர்களைச் செலுத்தினார்கள். கதிர்கள் சில குறிப்பிட்ட திசைகளில் மட்டும் சிதறி, நிழற்படத் தகட்டில் புள்ளிகளாகப் பதிந்தன. இதனையே விளிம்பு விளைவு என்கிறோம். அடுத்த ஆண்டிலேயே இங்கிலாந்தில் பிராக் என்னும் தந்தையும் மகனும் இம்முறையைக் கையாண்டு, சாதாரண உப்பின் அமைப்பைக் கண்டறிந்தனர். கதிர்கள் சிதறும் திசைகள் கோலத்தின் புள்ளி வரிசையைக் காட்டும். சிதறிய கதிர்களின் செறிவு, அந்தப் புள்ளிகளைச் சுற்றி வரைந்த கோலம் எது என்பதைக் காட்டும்.

ஆயினும் இதில் ஒரு குறை இருந்தது. எக்ஸ் கதிர்களைச் சிதறச் செய்வன எலெக்ட்ரான்களே. ஆக்சிஜனுக்கு எட்டு எலெக்ட்ரான்கள், யுரேனியத்திற்குத் தொண்ணூற்றிரண்டு, ஹைட்ரஜனுக்கு ஒன்று. யானைகளின் நடுவே எறும்பைத் தேடுவது போன்ற வேலை அது. அந்த ஒற்றை எலெக்ட்ரானும் பக்கத்து அணுவின் பக்கம் சற்று இழுக்கப்பட்டிருக்கும். ஆகவே எக்ஸ் கதிர் காட்டும் இடம், ஹைட்ரஜனின் அணுக்கரு உண்மையில் இருக்கும் இடமன்று. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆங்ஸ்ட்ராம் விலகியே காட்டும். ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. அதிலும் பத்தில் ஒன்று பெரிதா என்று எண்ண வேண்டா. ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே உள்ள தொலைவே ஓர் ஆங்ஸ்ட்ராம் அளவுதான்.

இவ்விடத்தில் நமக்குத் துணை வருவது நியூட்ரான். 1932இல் சாட்விக் அதனைக் கண்டுபிடித்தார். ஓடும் துகளுக்கும் அலைத்தன்மை உண்டு என்று 1924இலேயே டி பிராய் கூறியிருந்தார். அப்படியானால் நியூட்ரானும் படிகத்தில் விளிம்பு விளைவைக் காட்ட வேண்டுமன்றோ? காட்டும் என்பதை 1936இல் பாரிசில் ஒரு குழுவினரும் அமெரிக்காவில் ஒரு குழுவினரும் மெய்ப்பித்தனர். ஆனால் ரேடியமும் பெரிலியமும் கலந்த மூலத்திலிருந்து அன்று கிடைத்த நியூட்ரான்கள் மிகச் சில. அவற்றைக் கொண்டு ஓர் அமைப்பைத் தீர்மானித்தல் இயலாது.

அணு உலை தோன்றிய பின்னரே வழி திறந்தது. அணுக்கருப் பிளவில் வெளிப்படும் நியூட்ரான்கள் பெருவேகம் உடையவை. கார்பன் வகையாகிய கிராபைட்டிலோ கனநீரிலோ மோதி மோதி அவை வேகம் தணிகின்றன. நொடிக்கு ஏறத்தாழ 2,200 மீட்டர் என்ற வேகத்தை அடையும்போது, அவற்றின் அலைநீளம் 1.8 ஆங்ஸ்ட்ராம் ஆகிறது. படிகத்தில் அணுக்களிடையே உள்ள தொலைவும் இதே அளவினதே. ஆகையால் இந்நியூட்ரான்கள் நம் தேவைக்கு மிகப் பொருத்தமானவை.

அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் என்னுமிடத்தில் 1943இல் இயங்கத் தொடங்கிய கிராபைட்டு உலையில், 1946 முதல் எர்னஸ்ட் வோலனும் கிளிஃபர்டு ஷல்லும் இம்முறையை வளர்த்தனர். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. அது எலெக்ட்ரான்களைக் கடந்து சென்று அணுக்கருவினால் சிதறுகிறது. அணுக்கருவின் முன்னிலையில் பெரிய அணு, சிறிய அணு என்ற வேற்றுமை அவ்வளவாக இல்லை. ஹைட்ரஜன் மற்ற அணுக்களோடு ஒப்ப வலுவாகவே புலப்படுகிறது. கன ஹைட்ரஜனோ கார்பனுக்கு நிகராகச் சிதறச் செய்கிறது.

1948இல் அவர்களும் உடனுழைத்தோரும் சோடியம் ஹைட்ரைடில் ஹைட்ரஜனின் இடத்தைக் கண்டனர். 1949இல் கனநீரால் ஆன பனிக்கட்டியை ஆராய்ந்தனர். ஒவ்வோர் ஆக்சிஜனுக்கும் அருகில் இரண்டு ஹைட்ரஜன்கள், சற்று எட்டத்தில் இரண்டு ஹைட்ரஜன்கள் என்று லைனஸ் பாலிங் 1935இல் எண்ணிக் கூறியது உறுதியாயிற்று. ஆம், என் மாணவன் கேட்ட கேள்விக்கு விடை, நான் பிறப்பதற்கு முன்பே அச்சேறி இருந்தது!

1963இல் அதே ஓக் ரிட்ஜில் பிரவுன், லெவி என்னும் இருவர் சர்க்கரைப் படிகத்தை ஆராய்ந்தனர். கோயிலில் நாம் பெறும் கற்கண்டும் அதே பொருள்தான். சர்க்கரை மூலக்கூறு ஒன்றில் 45 அணுக்கள். அவற்றுள் 22 ஹைட்ரஜன். ஏறத்தாழ பாதி அணுக்கள்! அவை ஒவ்வொன்றும் இருக்குமிடம் அப்போது துல்லியமாக அறியப்பட்டது.

இனி, நம் நாட்டுக்கு வருவோம். மும்பையை அடுத்த டிராம்பேயில் 1956 ஆகஸ்டு 4ஆம் நாள் அப்சரா உலையும், 1960 ஜூலை 10ஆம் நாள் கனடாவின் உதவியுடன் சைரஸ் உலையும் இயங்கத் தொடங்கின. கனடாவின் சாக் ரிவரில் பிராக்ஹவுசுடன் பணியாற்றித் திரும்பிய பி. கே. அய்யங்கார், நியூட்ரான் ஆராய்ச்சியை இங்கே வேரூன்றச் செய்தார். 1962இல் அங்கு வந்து சேர்ந்தார் சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் பயின்ற ஆர். சிதம்பரம். 1974, 1998ஆம் ஆண்டுகளின் பொக்ரான் அணுவெடிப்புச் சோதனைகளோடு சேர்த்தே பலரும் அவரை அறிவர். அவரது உள்ளம் தோய்ந்த துறைகளுள் ஒன்று ஹைட்ரஜனின் இருப்பிடம் என்பதை அறிந்தோர் சிலரே. பனிக்கட்டியில் இரண்டு ஆக்சிஜன்களை இணைக்கும் ஹைட்ரஜன் நேர்கோட்டில் நிற்பதில்லை, சற்றே வளைந்த பிணைப்பில் நிற்கிறது என்ற கருத்தை 1961இலேயே அவர் எழுதினார். 1964இல் சிக்குவைரா, சிக்கா என்னும் இருவருடன் சேர்ந்து பொட்டாசியம் ஆக்சலேட்டுப் படிகத்தினுள் உள்ள நீர் மூலக்கூறு எவ்வாறு பிணைந்திருக்கிறது என்பதை நியூட்ரானால் கண்டார். மயில்துத்தத்தைச் சூடாக்கினால் நீலம் போய் வெளுக்கிறதே, அப்போது வெளியேறும் படிக நீர் போன்றதே அதுவும். பின்னர் அமினோ அமிலங்கள் பலவற்றை அக்குழுவினர் ஆராய்ந்தனர். புரதங்களின் வடிவைத் தாங்கி நிற்பவற்றுள் ஹைட்ரஜன் பிணைப்புகள் தலையாயவை என்பதால், அப்பணி உயிரின் அடிப்படையைத் தொட்ட பணி எனலாம்.

அவ்வேலை எளிதன்று. எக்ஸ் கதிருக்கு மணல் துகள் அளவு படிகம் போதும். நியூட்ரானுக்குச் சில மில்லிமீட்டர் அளவு வளர்ந்த, குறையற்ற படிகம் வேண்டும். அதனைத் தண்டின் நுனியில் பொருத்தி, சிறிது சிறிதாகத் திருப்பி, எண்ணுங்கருவியை அதனைச் சுற்றிச் செலுத்தி, ஒவ்வொரு திசையிலும் வரும் நியூட்ரான்களை எண்ண வேண்டும். நாட்கள் பல ஆகும். யானை வலம் வந்ததனால் பெயர் பெற்ற ஊரில் பிறந்த எனக்கு, இது ஒரு வலம் வருதலாகவே தோன்றுகிறது. ஒரு பக்கம் நின்று பார்த்தவனுக்குப் படிகம் தன்னைக் காட்டுவதில்லை.

சைரஸ் உலை 2010ஆம் ஆண்டின் இறுதியில் ஓய்வு பெற்றது. 1985இல் தொடங்கிய துருவா உலை இத்துறைக்கு இன்னும் வலிமையான நியூட்ரான் கற்றைகளைத் தந்தது. சிதம்பரம் 2025 ஜனவரி 4ஆம் நாள் மறைந்தார்.

என் மாணவனின் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது 1994 அக்டோபரில். ஷல்லுக்கும் பிராக்ஹவுசுக்கும் இயற்பியல் நோபல் பரிசு என்று செய்தித்தாளில் படித்தேன். அணுக்கள் எங்கே இருக்கின்றன என்பதைக் காண ஷல் வழிகாட்டினார் என்றும், அவை எவ்வாறு இயங்குகின்றன என்பதைக் காண பிராக்ஹவுஸ் வழிகாட்டினார் என்றும் அதில் இருந்தது. வோலன் 1984இலேயே மறைந்துவிட்டதால் அப்பரிசில் பங்கு பெறவில்லை. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். அந்த மாணவன் ஊரைவிட்டுச் சென்று ஆண்டுகள் பல ஆகியிருந்தன.

மறுநாள் வகுப்பில் பனிக்கட்டியின் படத்தை மீண்டும் வரைந்தேன். பாடத்தில் இல்லாத நியூட்ரானின் கதையைச் சொன்னேன். அன்று முதல், எனக்கு விடை தெரியாத கேள்வி எழுந்தபோதெல்லாம், “எனக்குத் தெரியாது, நாளை பார்த்து வந்து சொல்கிறேன்” என்று கூறக் கற்றுக்கொண்டேன். அதனால் என் மதிப்புக் குறையவில்லை. பின்வரிசையில் கைகள் கூடுதலாக உயர்ந்தன.

மாணவச் செல்வங்களே, படத்தில் ஒரு சிறு வட்டம் இருந்தால், அதை அங்கே வைத்தவர் யார், எப்படிக் கண்டார் என்று கேளுங்கள். உட்கார் என்று ஒருவர் சொன்னாலும், உட்கார்ந்தபின் அக்கேள்வியை மறந்துவிடாதீர்கள். எங்கிருந்தாலும் அந்த மாணவன் இப்பேச்சைக் கேட்டிருப்பானாயின், அவன் கேள்விக்கு அவனுடைய ஆசிரியன் சற்றுத் தாமதமாகச் சொன்ன விடை இதுவே.