பழைய கணினிப் பாகங்களும் பழைய வணிக அறமும்

வணிக வரலாறு எழுதச் சொன்னால் நம்மவர்கள் நேரே பூம்புகாருக்குப் போய்விடுவார்கள். மிளகு, முத்து, பவளம், துகில் என்று பட்டியல் நீளும். நானும் அந்தத் துறைமுகத்துக்கு வராமல் போகப்போவதில்லை. ஆனால் இக்கட்டுரையின் பொருள் தில்லி நேரு பிளேஸ் மாடிப்படிகளின் அடியிலும் நடைபாதை ஓரத்திலும் விற்கப்படும் பழைய ப்ராஸஸர், மதர்போர்டு, ரேம் முதலிய சரக்குகள். "கபாடி வேலைக்கெல்லாம் எதுக்கு சார் சரித்திரம்?" என்று நமது சங்கத்து நண்பர் ஒருவரே கேட்டார். முப்பது வருஷத்துக்கு மேலாக இதே சரக்கை விற்றுப் பிழைப்பவன் என்ற முறையில் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நம் நாட்டில் கணிப்பொறி பரவிய கதையிலேயே பழைய சரக்குக்குப் பெரும்பங்கு உண்டு. ஐ.பி.எம். நிறுவனம் 1401 என்ற கணிப்பொறியை அறிவித்தது 1959-ல். வெளிநாடுகளில் வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொடுத்த இயந்திரங்கள் பின்னர் பம்பாய்க்கு வந்தன. இங்கே பழுது பார்த்து, புதுப்பித்து, வாடகைக்கு விட்டார்கள். ரயில்வேயின் மண்டல அலுவலகங்களில் 1960-களின் பிற்பகுதியில் ஓடியதும் இந்த 1401 வகைதான். நம் வாசகர்களில் சிலருடைய தகப்பனார்கள் அந்த இயந்திரத்துக்காக அட்டை துளைத்திருப்பார்கள். மற்ற நாட்டில் வழக்கொழிந்ததை இங்கே கொண்டுவந்து வாடகை வசூலிப்பதா என்று கேள்வி எழுந்து, 1975-76-ல் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் கண்டனம் வரை போயிற்று.

என்னைக் கேட்டால், பழைய இயந்திரத்தைப் புதுப்பித்துக் கொடுத்ததில் தவறு இல்லை. வேலை செய்தது, சம்பளப் பட்டியல் அச்சாயிற்று. எவ்வளவு பழையது, அதற்கு நியாயமான கூலி எவ்வளவு என்பது வாங்குகிறவனுக்கு விளங்கியதா? வழக்கு அங்கேதான். இன்று நேரு பிளேஸில் ஒரு மாணவனுக்கும் கடைக்காரனுக்கும் நடக்கும் தகராறும் இதேதான், தொகை மட்டும் சிறியது.

அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி பங்கைக் குறைக்க மனமில்லாமல் ஐ.பி.எம். 1978-ல் வெளியேறியது. விட்டுப்போன இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பு, 1975-ல் அரசு தொடங்கியிருந்த சி.எம்.சி. நிறுவனத்துக்கு வந்தது. அதன் முதல் தலைவர் ஆர். நரசிம்மன், சென்னையில் பிறந்த தமிழர். பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் டிஃப்ராக் என்ற உள்நாட்டுக் கணிப்பொறியை உருவாக்கிய குழுவுக்கு வழிகாட்டியவர். செய்தவன் ஊரை விட்டுப் போனபின் அவன் சரக்கை ஓட வைப்பது எப்படி என்ற பாடத்தை இந்தியா கற்றுக்கொண்டது அந்த வருஷங்களில்தான்.

பிறகு வந்தது சிறிய கணினிகளின் காலம். 1984 நவம்பரில் அறிவித்த புதிய கணினிக் கொள்கை இறக்குமதிக் கதவைச் சற்றுத் திறந்தது. தில்லி வளர்ச்சி ஆணையம் அலுவலக வளாகமாகக் கட்டிய நேரு பிளேஸ், துணிக்கடைகளுக்கு நடுவே கணினிச் சந்தையாகவும் மாறியது. இன்டெல்லின் 286 வந்தது 1982-ல், 386 1985-ல், 486 1989-ல், பென்டியம் 1993-ல். ஒவ்வொன்று வரும்போதும் முந்தையது அலுவலகத்திலிருந்து இறங்கி டைப்பிங் இன்ஸ்டிடியூட்டுக்கும் டி.டி.பி. கடைக்கும் போகும், அங்கிருந்து பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு வரும். இந்த இறக்கத்தில் நின்றவர்கள் நாங்கள். அலுவலகங்கள் ஏலம் விடும் லாட்டை கபாடிக்காரர் எடுப்பார். அவரிடம் நாங்கள் எடுத்து, ஓடுவது, சரிசெய்தால் ஓடுவது, ஓடவே ஓடாதது என்று மூன்றாகப் பிரிப்போம். ஓடுவதற்கு 'டெஸ்டிங் வாரண்டி' உண்டு. அதாவது கண்ணெதிரே போட்டுக் காட்டுவோம், கடையை விட்டு இறங்கினால் எங்கள் பொறுப்பு இல்லை.

இவ்விடத்தில் சமணர்களாகிய எங்கள் நூல் ஒன்றைச் சொல்ல வேண்டும். உமாசுவாமி இயற்றிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இல்லறத்தாரின் விரதங்களைப் பேசுகிறது. கள்ளாமை என்ற விரதத்துக்கு ஐந்து அதிசாரங்கள், அதாவது வரம்பு மீறல்கள், சொல்லப்பட்டுள்ளன. (அதிசாரம் என்றால் வைத்தியர் வேறு பொருள் சொல்வார், அது இங்கே வேண்டாம்.) திருடத் தூண்டுவது, திருட்டுப் பொருளை வாங்குவது, அரச ஆணைக்கு மாறாகச் சரக்கைக் கடத்துவது, அளவில் கூட்டிக் குறைத்து ஏமாற்றுவது, போலியைக் கலந்து விற்பது ஆகியவையே அவை. பூட்டை உடைப்பவனைப் பற்றி இதில் பேச்சில்லை, ஐந்தும் கடை வைத்திருப்பவனுக்கானவை. 1990-களில் நேரு பிளேஸ், பம்பாய் லேமிங்டன் ரோடு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி தெரு ஆகிய சந்தைகளில் நடந்ததை யாராவது ஆராய்ச்சி செய்தால் இந்த ஐந்து தலைப்பிலேயே அத்தியாயம் பிரிக்கலாம்.

திருட்டுச் சரக்கு என்றால் ரேம்தான். 1993 ஜூலையில் ஜப்பானின் நீஹாமாவில் சுமிடோமோ ஆலையில் தீப்பிடித்தது. சில்லுக்கு உறை போடும் பிசின் அங்கேதான் பெருமளவு தயாரானது. உலகெங்கும் ரேம் விலை எகிறிற்று. விரல் நீளப் பலகை, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம் என்றால் கை சும்மா இருக்குமா? காலையில் அலுவலகத்தில் கணினி கிளம்பாது, சாயங்காலம் பலகை சந்தைக்கு வந்துவிடும். கடத்தலும் இப்படித்தான். வரி உயர்ந்திருந்த காலத்தில் சிங்கப்பூரிலிருந்து வருகிறவர் பையில் ப்ராஸஸர் வந்தது. இந்தியா 1997-ல் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, 2005-க்குள் இவற்றின் சுங்க வரி பூஜ்யமானதும் அந்தப் பாதை தானாக அடைந்துபோயிற்று. போலீஸ் செய்யாததை வரிக்குறைப்பு செய்தது.

அளவு மோசடி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் அரிசிக் கடைப் படியைப் போல இது கண்ணுக்குத் தெரியாது. பென்டியத்தின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல்: பலகை தரும் துடிப்பு ஒன்று, சில்லு அதைப் பெருக்கும் மடங்கு ஒன்று. 60 மெகாஹெர்ட்ஸை ஒன்றரையால் பெருக்கினால் 90. 66-ஐப் பெருக்கினால் 100. 66-ஐ இரண்டால் பெருக்கினால் 133, இரண்டரையால் பெருக்கினால் 166. இந்த எண்களை மாற்ற மதர்போர்டில் ஜம்பர் என்ற சின்னஞ்சிறு தொப்பியை இடம் மாற்றினால் போதும். ஆகவே 90 என்று விற்ற சில்லின் தலையைத் தேய்த்து, 100 என்று அச்சடித்து விற்றார்கள். அது ஓடவும் ஓடும். சூடு ஏறும், வெயில் காலத்தில் நடுவே நின்றுபோகும். வாங்கியவர் கரண்டைத் திட்டுவார். அன்றைய பென்டியத்திடம் "உன் உண்மையான வேகம் என்ன?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. சில்லைச் சாய்த்துப் பிடித்து, தேய்த்த தடம் தெரிகிறதா என்று பார்ப்போம். மேலே உள்ள எழுத்தும் அடிப்பக்கத்து எழுத்தும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். பிற்பாடு இன்டெல் மடங்கைப் பூட்டியது. 1999-ல் பென்டியம் 3-ல் ஒவ்வொரு சில்லுக்கும் தனி எண்ணே போட்டது. அந்தரங்கம் போய்விடும் என்று எதிர்ப்புக் கிளம்பி அடுத்த தலைமுறையில் அதை விட்டுவிட்டார்கள். எதிர்த்தவர்கள் சொன்னது நியாயமே. ஆனாலும் எங்களைப் போன்றவர்களுக்கு அது நல்ல உரைகல்லாக இருந்திருக்கும்.

உரைகல் என்றதும் இன்னொன்று. 1994-ல் பென்டியத்தின் வகுத்தல் கணக்கில் பிழை இருப்பது வெளியாயிற்று. கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றித் தருவதாக டிசம்பரில் அறிவித்த வகையில் இன்டெல்லுக்கு 47.5 கோடி டாலர் கணக்கில் போயிற்று. மாற்றிக்கொள்ளாத சில்லுகள் பழைய சந்தைக்கு வந்தன. அதற்கு ஒரு சோதனை உண்டு. 4195835-ஐ 3145727-ஆல் வகுத்து, மறுபடி அதே எண்ணால் பெருக்கி, முதல் எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். நல்ல சில்லில் பூஜ்யம் வரும், பிழையுள்ளதில் 256 வரும். டைப் அடிக்கிறவருக்கு இந்தப் பிழையால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனாலும் சொல்லித்தான் விற்க வேண்டும், விலையும் அதற்குத் தக்கபடி.

போலியில் உச்சம், 1995 வாக்கில் சில 486 பலகைகளில் இருந்த கேஷ் சில்லுகள். கறுப்பு உடல், வரிசையாகக் கால்கள், மேலே எழுத்து எல்லாம் இருக்கும். உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் பிளாஸ்டிக். கணினி கிளம்பும்போது கேஷ் இருப்பதாகத் திரையில் காட்டும்படி பயாஸையும் திருத்தியிருந்தார்கள். சாட்சியையும் விலைக்கு வாங்கிவிட்டுப் பொய் சொன்ன மாதிரி. இதைச் செய்தவர்கள் புதிய சரக்கு தயாரித்தவர்கள், பழைய சரக்கு விற்றவர்கள் அல்ல என்பதை நண்பர் கவனிக்க வேண்டும்.

இந்த நிலைமையில்தான் சந்தை தானாக ஒரு முத்திரையைக் கண்டுபிடித்தது. மாதமும் வருஷமும் அச்சிட்ட நகத்தளவு ஸ்டிக்கர். பிய்த்தால் தூளாகிவிடும், இன்னொன்றில் ஒட்ட முடியாது. அதன்மேல் கடைக்காரர் பேனாவால் ஒரு கிறுக்கல் போடுவார். பூம்புகாரின் சுங்கச் சாவடியில் மூட்டைகள்மேல் புலிச்சின்னம் பொறித்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது; பொதிகளின்மேல் அளவும் உரியவர் பெயரும் எழுதியிருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. புலிக்கு அரசன் பொறுப்பு. இந்தக் கிறுக்கலுக்குப் பொறுப்பு அந்தக் கடைக்காரர் மட்டுமே. கச்சா பில்லோ பக்கா பில்லோ, நேரு பிளேஸில் சண்டை வந்தால் முதலில் பார்ப்பது ஸ்டிக்கரைத்தான்.

ஓடவே ஓடாத மூன்றாவது குவியல் எங்கே போகிறது? யமுனைக்கு அப்பால் சீலம்பூருக்கு. பழைய பீங்கான் உடல் ப்ராஸஸர்களில் தங்கப் பூச்சு அதிகம்; அதிலும் 1995-ல் வந்த பென்டியம் புரோவுக்குக் கபாடிச் சந்தையில் தனி மரியாதை. ஓடுகிற சில்லைவிட உடைத்த சில்லுக்கு விலை கூடுதல் என்ற நிலை வந்தபோது, இன்னும் பத்து வருஷம் ஓடக்கூடிய சரக்கும் எடைக்குப் போயிற்று. பலகையை அமிலத்தில் ஊறப்போட்டுத் தாமிரமும் தங்கமும் எடுப்பார்கள், ஈயம் சாக்கடைக்குப் போகும், வயரை எரித்த புகை குழந்தைகள் மூக்கில் ஏறும். கொல்லாமையை முதல் விரதமாக வைத்த மரபில் வந்தவன் இந்தக் குவியலைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிட முடியாது. மேல்நாட்டுக் கழிவு ஆசியாவில் கொட்டப்படுவதை பாசெல் ஆக்ஷன் நெட்வொர்க்கும் சிலிக்கன் வேலி கூட்டமைப்பும் 2002-ல் அறிக்கையாக வெளியிட்ட பிறகே பத்திரிகைகள் இந்தப் பக்கம் திரும்பின. மின்னணுக் கழிவுக்கென்றே எழுதிய முதல் விதிகள் 2011-ல் வெளியாகி 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன.

விதிகள் அவசியம், சந்தேகமில்லை. ஆனால் பழையது என்றாலே கழிவு என்று அதிகாரிகள் பார்க்கத் தொடங்கியதில், அமிலத் தொட்டி வைத்தவரும் ஊதிப்போன கெபாசிட்டரை மாற்றிப் பலகையை ஓட வைப்பவரும் ஒரே தட்டில் வந்துவிட்டோம். 2022-ன் விதிகள் 2023 ஏப்ரலில் அமலானபோது, புதுப்பிப்பவர் என்ற பிரிவுக்கும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு உண்டு என்று ஆயிற்று. பொருளின் ஆயுளை நீட்டியதற்குச் சான்றிதழும் உண்டு. இது நல்ல காரியம். படிக்கட்டின் கீழ் ஒரு மேஜையும் சால்டரிங் அயனும் வைத்திருப்பவர் இந்தப் பதிவை எப்படிச் செய்வார் என்பதை மட்டும் யாராவது யோசித்தால் தேவலை. அவர்தானே பொருளைச் சீலம்பூருக்குப் போகாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்!

2025 இறுதியில் ரேம் விலை மறுபடி எகிறியது. இந்தத் தடவை காரணம் தீ அல்ல, செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் பசி. எடைக்குப் போட வைத்திருந்த டி.டி.ஆர். 4 பலகைகளைத் தேடி ஆட்கள் மாடிப்படி ஏறி வருகிறார்கள். வந்தவுடன் பலகையைத் திருப்பி ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.