ஸ்டெப்னி - ஒரு தெருப் பெயர் கார் டிக்கிக்குள் வந்த கதை

லாரி, கார், வேன் என்று எந்த வண்டி ஓட்டுபவரிடமும் கேட்டுப் பாருங்கள், கூடுதலாக வைத்திருக்கும் அந்த ஐந்தாவது சக்கரத்துக்கு என்ன பெயர் என்று. யோசிக்காமல் 'ஸ்டெப்னி' என்பார். பஞ்சர் கடைக்காரரும் அதையேதான் சொல்வார். ஆனால் காரோடு கொடுக்கும் கையேட்டைப் புரட்டினால் அந்த வார்த்தை இருக்காது. அதில் 'ஸ்பேர் வீல்' என்றுதான் போட்டிருக்கும். சரி, ஸ்டெப்னி ஆங்கில வார்த்தைதானே, இங்கிலாந்தில் இருப்பவர்களுக்குப் புரியும் என்று நினைக்கிறீர்களா? இன்றைக்கு அங்கே போய் "ஸ்டெப்னி இருக்கா?" என்று கேட்டால், லண்டனின் கிழக்குப் பகுதிக்கு வழி கேட்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள். அங்கே ஸ்டெப்னி என்று ஒரு பேட்டை உண்டு. நம்ம சக்கரத்துக்கும் அந்தப் பேட்டைக்கும் சம்பந்தம் கிடையாது என்பது வேறு விஷயம்!

இந்தப் பெயரின் கதையைச் சொல்ல வேண்டுமானால், அந்தச் சக்கரம் இல்லாத காலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆமாம், கார் வந்த புதிதில் அப்படி ஒரு சக்கரமே கிடையாது.

காற்றடைத்த டயருக்கு முதலில் காப்புரிமை வாங்கியவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். வருடம் 1845. அப்போது கார் இல்லை, சைக்கிள்கூட சரியாக உருவாகவில்லை, யாரும் கண்டுகொள்ளவில்லை. 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் அதையே தனியாகக் கண்டுபிடித்தார். இந்த முறை சைக்கிள் தயாராக இருந்ததால் பற்றிக்கொண்டது. 1895-ல் பாரிஸிலிருந்து போர்டோ போய்த் திரும்பும் கார் போட்டியில் மிஷலின் சகோதரர்கள் காற்று டயர் மாட்டிய கார் ஒன்றை ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர். பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் கடைசிவரை ஓட்டி முடித்தார்கள். காரும் காற்றில் ஓடலாம் என்று உலகத்துக்குத் தெரிந்தது.

கூடவே, காற்றில் ஓடும் கார் அடிக்கடி நிற்கும் என்பதும் தெரிந்தது.

அந்தக் காலத்துச் சாலைகளை யோசித்துப் பாருங்கள். போக்குவரத்து முழுக்கக் குதிரைகள். ஒவ்வொரு குதிரைக்கும் நான்கு லாடம், ஒவ்வொரு லாடத்திலும் ஆணிகள். அந்த ஆணிகள் கழன்று சாலையில்தான் கிடக்கும். இந்தப் பக்கம் கார் சக்கரமோ மாட்டு வண்டிச் சக்கரம் மாதிரி மர ஆரக்கால் வைத்தது. வழியில் சுலபமாகக் கழற்றி மாட்டுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. எனவே காரில் கூடுதலாக எடுத்துப் போனது டயரும் டியூபும்தான், சக்கரம் அல்ல. பஞ்சரானால் வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரம் வண்டியில் இருக்கும்போதே டயர் லீவரை விட்டு நெம்பி, டயரை ரிம்மிலிருந்து பிரிக்க வேண்டும். உள்ளேயிருந்து டியூபை உருவ வேண்டும். ஓட்டையைத் தேடி ஒட்டு போட வேண்டும், அல்லது புது டியூப் போட வேண்டும். போடும்போது லீவர் டியூபைக் கடித்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. கடைசியில் கைப் பம்பால் காற்று. மழையிலும் சேற்றிலும் இதைச் செய்வதை நினைத்துப் பாருங்கள். கார் வைத்திருந்த பணக்காரர்கள் கூடவே ஒரு ஓட்டுநரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். ஸ்டியரிங் பிடிப்பது பாதி வேலை, மண்டியிடுவது மீதி வேலை.

இப்போது வேல்ஸ் நாட்டின் தென் கரைக்குப் போவோம். அங்கே லனெல்லி என்று ஒரு ஊர். தகர உற்பத்திக்குப் பேர் போனது. அந்த ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒரு தெரு. அந்த வட்டாரத்தில் நிலம் வைத்திருந்த ஸ்டெப்னி என்ற பிரபுக் குடும்பத்தின் பெயர் அது. அந்தத் தெருவில் தாமஸ் மோரிஸ் டேவிஸ், வால்டர் டேவிஸ் என்ற சகோதரர்கள் இரும்புச் சாமான் தொழில் நடத்தி வந்தார்கள். 1904-ல் அவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்.

பஞ்சரான சக்கரத்தைக் கழற்ற முடியாது என்றால், கழற்ற வேண்டாமே! இதுதான் யோசனை.

அவர்கள் செய்தது முழுச் சக்கரம்கூட அல்ல. ஆரக்கால் இல்லாத, நடுவில் ஒன்றுமில்லாத வெறும் வட்ட ரிம். அதன் மேல் ஏற்கெனவே காற்றடித்த டயர். ரிம்மின் பக்கவாட்டில் கொக்கி மாதிரிப் பிடிகள். பஞ்சரான சக்கரத்தின் வெளிப்பக்கத்தில் இதை ஒட்டி வைத்து, பிடிகளை அந்தச் சக்கரத்தின் ரிம்மோடு முடுக்கிவிட்டால் முடிந்தது வேலை. பழைய சக்கரம் சுற்றும்போது இதுவும் கூடவே சுற்றும். பாரம் புதிய டயர் மேல் இறங்கும். பஞ்சரான டயர் அதன் பாட்டுக்குக் காற்றில்லாமல் பக்கத்தில் கிடக்கும். நொண்டிக் காலுக்கு ஊன்றுகோல் கட்டிவிட்ட மாதிரி. வீடு போய்ச் சேரவோ பட்டறை போய்ச் சேரவோ அது போதும்.

பி.காம். படிக்கிறவன் கண்ணில் இது எப்படிப் படுகிறது என்றால், டேவிஸ் சகோதரர்கள் விற்றது இரும்பு வளையத்தை அல்ல, நேரத்தை. வாடகைக் கார் நடத்துகிறவருக்கு வண்டி சாலையோரம் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் வருமானம் இல்லாத நிமிடம். சவாரி வேறு இறங்கிப் போய்விடும். எப்போதாவது உதவும் ஒரு வளையத்துக்குக் காசு கொடுக்க மனசு வர வேண்டுமானால், அது இல்லாதபோது ஆகும் நஷ்டம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வாடகைக் கார்க்காரர்களுக்கு அது தினமும் தெரிந்தது. ஸ்டெப்னி தெருவில் பிறந்ததால் 'ஸ்டெப்னி ஸ்பேர் வீல்' என்றே பெயர் வைத்து விற்றார்கள். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் கப்பல்கள் போன இடமெல்லாம் அதுவும் போனது. இந்தியா வந்தது. மால்டா தீவுக்குப் போனது, அங்கேயும் கூடுதல் சக்கரத்துக்கு அதே பெயர்தான். சாம்ராஜ்யத்துக்கு வெளியேயும் போனது. பிரேசிலில் இன்றும் கூடுதல் சக்கரத்தை 'எஸ்டெப்பி' என்கிறார்கள். உச்சரித்துப் பாருங்கள், நம்ம வார்த்தையின் ஒன்றுவிட்ட சகோதரன்!

(போகிற போக்கில் ஒன்று. 'டிக்கி'யும் இதே ரகம்தான். பழைய பிரிட்டிஷ் கார்களில் பின்பக்கம் மடக்கி வைக்கும் சீட்டுக்கு டிக்கி என்று பெயர். சீட்டு போய்விட்டது, பெயர் நம்மிடம் தங்கிவிட்டது. ஆக, "டிக்கியில ஸ்டெப்னி இருக்கா?" என்று கேட்கிற நம்ம டிரைவர் அண்ணன் பேசுவது நூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷ்.)

ஆனால் ஸ்டெப்னி வெற்றிநடை போடும்போதே அதற்கு எமன் பிறந்துவிட்டான். 1906 ஜூன் மாதம் பிரான்சின் லெமான் நகரத்துக்கு அருகில் முதல் கிராண்ட் பிரீ போட்டி. இரண்டு நாள், மொத்தம் 1,200 கி.மீ.க்கு மேல். டயர் கிழிந்தால் ஓட்டுநரும் உடன் வரும் மெக்கானிக்கும் மட்டும்தான் கை வைக்க வேண்டும், வேறு யாரும் உதவக் கூடாது என்பது விதி. கடும் வெயிலில் சாலைத் தார் இளகி, கற்கள் பெயர்ந்து டயர்களைப் பதம் பார்த்தன. பலர் லீவரோடு மல்லுக்கட்டிக் கொண்டிருக்க, மிஷலின் நிறுவனம் புதிதாகச் செய்த கழற்றும் ரிம் சில கார்களில் இருந்தது. நட்டுகளைக் கழற்றி, ரிம்மோடு டயரை எடுத்துவிட்டு, காற்றடித்துத் தயாராக இருக்கும் இன்னொன்றை மாட்டுவது. கால் மணி நேரத்துக்கு இழுக்கும் வேலை சில நிமிடங்களில் முடிந்தது. அந்த ரிம்மோடு ரெனோ காரை ஓட்டிய ஹங்கேரிக்காரர் ஃபெரென்ஸ் சிஸ், இரண்டாவதாக வந்தவரைவிட அரை மணி நேரத்துக்கு மேல் முன்னால் வந்து ஜெயித்தார். அந்த ஜெயிப்பில் டயர் மாற்றும் வேகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்து ரட்ஜ்-விட்வர்த் நிறுவனம் சக்கரத்தையே முழுசாகக் கழற்றும்படி செய்தது. 1908 பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் அந்தக் கழற்றும் சக்கரங்களுக்குத் தடை போட்டார்கள். நேப்பியர் அணி கோபித்துக்கொண்டு போட்டிக்கே வரவில்லை. வசதியான ஒரு பொருள் வந்தால் முதலில் அதைத் தடை செய்வது எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

இதெல்லாம் எல்லாக் கார்களுக்கும் வந்து சேரக் கொஞ்ச காலம் ஆனது. 1909-ல் ஆலிஸ் ராம்சே என்ற பெண், மேக்ஸ்வெல் காரில் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை ஓட்டினார். அமெரிக்காவைக் குறுக்காகக் காரில் கடந்த முதல் பெண். வயது 22. (என் வகுப்புத் தோழிகளின் வயதுதான்.) உடன் வந்த மூன்று பெண்களுக்கும் கார் ஓட்டத் தெரியாது. ஜூன் 9-ல் கிளம்பி 59 நாள் பயணம். வழியில் 11 டயர் மாற்றினார். ஒரு பெண் சாலையோரம் டயர் மாற்றினால் இன்றைக்கும் நம்ம ஊரில் நான்கு பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள், அதில் இரண்டு பேர் யோசனை சொல்வார்கள். 1909-ல் எத்தனை பேர் நின்றிருப்பார்களோ!

முதல் உலகப் போர் முடிந்த பிறகு கழற்றி மாட்டும் சக்கரம் சாதாரணமாகிவிட்டது. நான்கைந்து நட்டு, ஒரு ஸ்பேனர், ஒரு ஜாக்கி. ஊன்றுகோலுக்கு வேலை இல்லை. ஸ்டெப்னி என்ற பொருள் செத்தது, பெயர் மட்டும் தன்னைக் கொன்ற எதிரியின் மேல் போய் ஒட்டிக்கொண்டது! இன்று நாம் ஸ்டெப்னி என்று சொல்வது டேவிஸ் சகோதரர்கள் செய்ததை அல்ல, அவர்கள் வியாபாரத்தை முடித்து வைத்ததை.

'குட்வில்' என்று பாடப் புத்தகத்தில் ஒரு சொத்து வருமே, கண்ணால் பார்க்க முடியாத சொத்து. அதற்கு இதைவிட வேடிக்கையான உதாரணம் கிடையாது. பெயர் எவ்வளவு பிரபலமோ அவ்வளவு நல்லது என்று நினைப்போம். அளவுக்கு மீறிப் பிரபலமானால் அந்தப் பெயர் யாருக்கும் சொந்தமில்லாமல் போய்விடும். 'எஸ்கலேட்டர்' ஓடிஸ் கம்பெனியின் வணிகப் பெயராக இருந்தது, 1950-ல் அமெரிக்காவில் அந்த உரிமை போனது. 'ஆஸ்பிரின்' கதையும் அங்கே அப்படித்தான். நம்ம ஊரில் எந்த மெஷினில் நகல் எடுத்தாலும் ஸெராக்ஸ்தான். ஆனால் அவற்றிலெல்லாம் பொருள் உயிரோடு இருக்கிறது. ஸ்டெப்னியில் பொருளும் இல்லை, உரிமையும் இல்லை, வார்த்தை மட்டும் வேலை பார்க்கிறது.

அந்த வார்த்தை குறிக்கும் சக்கரத்துக்கும் இப்போது ஆபத்து வந்திருக்கிறது. 2020 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. 3.5 டன் வரை எடையுள்ள, ஓட்டுநரோடு சேர்த்து 9 பேர் வரை போகும் வண்டிகளில் டியூப்லெஸ் டயர், டயர் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவி, பஞ்சர் சரி செய்யும் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி வேண்டியதில்லை. இடம் மிச்சமாகும், மின்சாரக் கார்களில் பேட்டரிக்கு உதவும் என்பது சொன்ன காரணம். நியாயமான காரணம்தான். எடையும் குறையும். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் காற்று மெல்லத்தான் இறங்கும், கிட்டில் உள்ள பசையை ஏற்றினால் ஓட்டை அடைந்துவிடும்.

ஆனால் சாலைப் பள்ளத்தின் விளிம்பில் இடித்து டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தால் அந்தப் பசை ஒன்றும் செய்யாது. ராத்திரி பதினோரு மணிக்கு, கடை கண்ணி இல்லாத நாற்கர சாலையில், குழந்தைகளோடு நிற்பவருக்குப் பேட்டரி இடம் மிச்சமானதைச் சொல்லி என்ன பயன்? மிச்சமான செலவு தயாரிப்பவர் கணக்கில் வரவாகிறது. காத்திருக்கும் நேரமும் இழுவை வண்டிச் செலவும் ஓட்டுபவர் கணக்கில் பற்றாகிறது. 1904-க்கு முன்னால் பஞ்சரின் சுமை முழுவதும் சாலையோரம் நிற்பவர் தலையில்தான் இருந்தது. அதில் ஒரு பங்கு மறுபடி அவரிடமே வந்து சேருகிறது. பெரிய நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவர்களுக்கு இது பிரச்சினையாக இருக்காது, மற்றவர்களுக்கு முழுச் சக்கரம் வேண்டும் என்பதுதான் என் கட்சி.

சக்கரம் இருந்தும் மாற்றத் தெரியாவிட்டால் அதுவும் வீண் சுமைதான். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு முறுக்கினால் சக்கரம்தான் சுற்றும். ஜாக்கியைக் கையேட்டில் காட்டிய இடத்தில் மட்டும் வைத்துத் தூக்குங்கள். மாட்டும்போது நட்டுகளை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக முறுக்கினால்தான் சக்கரம் நேராக உட்காரும். இறக்கிய பிறகு கடைசி முறுக்கு. ஸ்டெப்னியிலும் காற்று இறங்கும், மற்ற நான்குக்கும் பார்க்கும்போது அதற்கும் பாருங்கள்.

புதுக் கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் கலரைப் பார்த்து முடித்ததும் டிக்கியின் தரையை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். உள்ளே மற்ற நான்கின் அளவிலேயே ஒரு சக்கரம் இருக்கலாம். ஒல்லியாக, 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாதே என்று எழுதிய சக்கரம் இருக்கலாம். அல்லது ஒரு சின்னப் பம்பும் பசைப் பாட்டிலும் மட்டும் இருக்கலாம். எது இருக்கிறது என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.