ஒரு கொரியத் தொடரும் மூன்று ஜேர்மன் இசைஞர்களும்

தென் கொரியாவின் எஸ்.பி.எஸ் தொலைக்காட்சி 2020 ஓகஸ்ட் 31 முதல் ஒக்டோபர் 20 வரை 16 அத்தியாயங்களில் ஒரு காதல் தொடரை ஒளிபரப்பியது. 'பிராம்ஸை உங்களுக்குப் பிடிக்குமா?' என்பது அதன் பெயர். பிரெஞ்சு எழுத்தாளர் பிரான்சுவாஸ் சகான் 1959 இல் வெளியிட்ட நாவலின் தலைப்பும் இதுவே. ஆயினும் தொடரின் கதையோட்டத்தைத் தீர்மானிப்பது அந்த நாவலன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜேர்மனியில் வாழ்ந்த மூன்று இசைஞர்களின் வரலாறே அதற்கு அடித்தளம். அந்த வரலாற்றை அறியாதவரும் தொடரை இரசிக்கலாம். அறிந்தவருக்கு அதில் சொல்லப்படாமல் விடப்பட்டதும் புலப்படும்.

கதாநாயகி சே சோங்-ஆ முகாமைத்துவம் படித்துப் பட்டம் பெற்றபின், வயலின் மீது கொண்ட காதலால் மீண்டும் இசைக் கல்லூரியில் சேர்ந்தவள். இருபத்தொன்பது வயதில், தன்னிலும் இளையவர்கள் நடுவே, வகுப்பின் கடைசி இடத்தில் இருக்கிறாள். கதாநாயகன் பார்க் ஜூன்-யங் உலகப் புகழ்பெற்ற பியானோ கலைஞன். அவன் தன் நண்பனின் காதலியை நெடுங்காலமாக மௌனமாக நேசித்து வருபவன். பிராம்ஸைப் பிடிக்குமா என்று அவள் கேட்கையில், பிடிக்காது என்கிறான். அந்த மறுப்பின் பொருள் பிராம்ஸின் வாழ்க்கையில் இருக்கிறது.

கிளாரா வீக் 1819 இல் லைப்சிக் நகரில் பிறந்தார். ஒன்பது வயதில் அந்நகரின் புகழ்பெற்ற கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் வாசித்தார். பதினாறு வயதில், தாமே இயற்றிய பியானோ கொன்சேர்ட்டோவை மெண்டல்சோன் இசைக்குழுவை நெறிப்படுத்த அதே அரங்கில் அரங்கேற்றினார். தந்தையிடம் பயின்ற மாணவரான றொபேர்ட் ஷூமானை அவர் காதலித்தபோது, தந்தை அதைக் கடுமையாக எதிர்த்தார். விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. இறுதியில் 1840 செப்டெம்பர் 12 ஆம் திகதி, கிளாராவின் இருபத்தோராவது பிறந்தநாளுக்கு முதல் நாள், திருமணம் நடந்தேறியது.

பதின்மூன்று ஆண்டுகளின் பின்னர், டுசல்டோர்ஃப் நகரில் இருந்த அவர்களது வீட்டுக் கதவை யொஹான்னஸ் பிராம்ஸ் தட்டினார். அப்போது அவருக்கு வயது இருபது. அவரது வாசிப்பைக் கேட்டு வியந்த ஷூமான், 1853 ஒக்டோபரில் ஒரு கட்டுரை எழுதி அந்த இளைஞரை இசையுலகுக்கு அறிமுகம் செய்தார். அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மனநோய் முற்றிய ஷூமான் 1854 பெப்ரவரி 27 இல் றைன் நதியில் குதித்தார். உயிருடன் மீட்கப்பட்டு, பொன் நகரருகே எண்டனிக்கில் இருந்த மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார். கிளாரா அப்போது கடைசிக் குழந்தையைக் கருவில் சுமந்திருந்தார். மருத்துவர்கள் அவரை நோயாளியைப் பார்க்க அனுமதிக்கவில்லை. கணவரை அவர் மீண்டும் கண்டது 1856 ஜூலை மாத இறுதியில், மரணத்துக்கு இரண்டே நாட்கள் முன்னர்தான்.

அந்த இரண்டரை ஆண்டுகளில் குடும்பத்துக்குத் துணை நின்றவர் பிராம்ஸ். கிளாரா கச்சேரிப் பயணம் போகையில் வீட்டுக் கணக்கைக் கவனித்தார், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார், எண்டனிக் சென்று ஷூமானையும் கண்டு வந்தார். தம்மிலும் பதினான்கு வயது மூத்த கிளாராவை அவர் ஆழமாக நேசித்தார் என்பதற்கு எஞ்சிய கடிதங்கள் சான்று. பல கடிதங்களை இருவரும் பேசி அழித்துவிட்டனர். பிராம்ஸ் இறுதிவரை மணம் செய்யவில்லை. கிளாரா 1896 மே மாதம் காலமானார். பதினொரு மாதங்கள் கழியுமுன்னர் பிராம்ஸும் மறைந்தார்.

ஜூன்-யங் பிராம்ஸை வெறுப்பது தன்னை அவரில் காண்பதனாலேயே. நண்பனுக்கும் நண்பனின் காதலிக்கும் இடையே வாய் திறவாது நின்ற மனிதர் அவர்.

இக்கதை கொரிய மண்ணில் இயல்பாக வேர்கொள்வதற்கு வேறொரு காரணமும் உண்டு என்று நான் கருதுகிறேன். மேலைச் செவ்வியல் இசை அங்கே தேசப் பெருமைக்குரிய விடயமாயிற்று. 1974 இல் மொஸ்கோவின் சாய்கோவ்ஸ்கி போட்டியில் பியானோவுக்கு இரண்டாம் பரிசு வென்று திரும்பிய சுங் மியுங்-வுனைச் சியோல் நகரம் வாகன ஊர்வலத்துடன் வரவேற்றது. குறிப்பிட்ட சர்வதேசப் போட்டிகளில் முதலிரு இடங்களைப் பெறும் ஆண்கள், கட்டாய இராணுவ சேவைக்குப் பதிலாகத் தம் துறையிலேயே பணியாற்ற அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. 2015 இல் சோ சியோங்-ஜின் வார்சோவின் சொபின் போட்டியில் முதற்பரிசு பெற்றார். 2022 இல் பதினெட்டே வயதான லிம் யுன்-சான் அமெரிக்காவின் வான் கிளைபர்ன் போட்டியில் வென்றார். இத்தகைய சூழலில் 'எத்தனையாம் இடம்?' என்ற கேள்வியிலிருந்து எந்த மாணவரும் தப்ப முடியாது.

தொடர் தன் உண்மையான துயரத்தை இங்கேதான் கண்டெடுக்கிறது. பரிசு வென்ற ஜூன்-யங், தந்தையின் கடனை அடைக்க வாசிக்கிறான். கடைசி இடத்தில் நிற்கும் சோங்-ஆ, தகுதி வரிசை காரணமாக இசைக்குழுவிலிருந்து வெளியே அனுப்பப்படுகிறாள். நான்கு ஆண்டுகள் தன்னை வருத்திக்கொண்டு பயின்றபின், வாசிப்பைக் கைவிட்டுக் கச்சேரிகளை ஏற்பாடு செய்யும் பணியைத் தேர்கிறாள். உழைப்பு எதையும் வெல்லும் என்ற வழமையான ஆறுதலைத் தொடர் அவளுக்கு வழங்கவில்லை. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

எனினும் தொடரிலும், பிராம்ஸ் பற்றிய பல நூல்களிலும், கிளாரா இரண்டு ஆண்களுக்கு இடையே நிற்கும் பெண்ணாகவே சுருங்கிவிடுகிறார். 1853 ஜூன் மாதம், கணவரின் பிறந்தநாளுக்காக அவரது மெட்டொன்றை எடுத்துக் கிளாரா பியானோ மாற்றுருவங்கள் இயற்றினார். அடுத்த ஆண்டு பிராம்ஸும் அதே மெட்டில் மாற்றுருவங்கள் இயற்றிக் கிளாராவுக்கே காணிக்கையாக்கினார். பிராம்ஸ் அதன்பின் நான்கு சிம்பொனிகளை எழுதினார். கிளாராவோ கணவர் இறந்தபின் ஏறத்தாழ எதையும் இயற்றவில்லை. பிள்ளைகளின் உணவுக்காக ஐரோப்பா முழுவதும் வாசித்தார். 1878 முதல் பிராங்க்பேர்ட்டில் கற்பித்தார். கணவரின் முழுப் படைப்புகளையும் பதிப்பித்தார்.

ஜேர்மனி 1990 இல் வெளியிட்ட புதிய நூறு மார்க் தாளில் கிளாராவின் படத்தை அச்சிட்டது. யூரோ புழக்கத்துக்கு வந்த 2002 வரை மக்கள் அதைக் கையில் வைத்திருந்தனர். அவர்களுள் எத்தனை பேர் அவரது இசையைக் கேட்டிருப்பர்? தொடரைப் பார்த்து பிராம்ஸைத் தேடிக் கேட்கும் வாசகர்கள், மெண்டல்சோன் முன்னின்று நடத்திய அந்தப் பதினாறு வயதுப் பெண்ணின் கொன்சேர்ட்டோவையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். மூன்று பாகங்கள் கொண்ட அது ஏறத்தாழ இருபது நிமிடங்களில் முடிந்துவிடும்.