படக்கோப்புகளைப் பிடிஎப் ஆவணமாக மாற்றுதல்

படக்கோப்புகளைப் பிடிஎப் ஆவணமாக மாற்றுதல் என்பது செல்பேசி, எண்ணிம ஒளிப்படக் கருவி, வருடி (ஸ்கேனர்) ஆகியவற்றால் எடுக்கப்பட்ட படங்களைப் பக்கங்களாக அடுக்கி ஒரே கோப்பாக ஆக்கும் செயல்முறை ஆகும். இதற்கெனத் தனி மென்பொருளை நிறுவாமல், இணையதளம் ஒன்றை உலாவியில் திறந்து செய்வது இணையவழி மாற்றம் எனப்படும். தமிழ்நாட்டில் கல்லூரிச் சேர்க்கை, அரசுப் பணித் தேர்வு, வருவாய்த்துறைச் சான்றிதழ் முதலியவற்றுக்கான விண்ணப்பங்கள் இணையத்துக்கு மாறியதை அடுத்து இம்முறை பரவலான பயன்பாட்டுக்கு வந்தது.

வரலாறு

அடோபி நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான சான் வார்னாக் 1991 இல் முன்வைத்த கேமலாட் என்னும் திட்டத்திலிருந்து பிடிஎப் வடிவம் பிறந்தது. ஓர் ஆவணம் எந்தக் கணினியில் திறக்கப்பட்டாலும், எந்த அச்சுப்பொறியில் அச்சிடப்பட்டாலும் அதன் தோற்றம் மாறக்கூடாது என்பதே இதன் நோக்கம். 1993 இல் இவ்வடிவம் வெளியிடப்பட்டது. 2008 சூலையில் ஐஎஸ்ஓ 32000 என்ற அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்டது. நெடுங்காலம் பாதுகாக்கவேண்டிய ஆவணங்களுக்கான பிடிஎப்/ஏ என்னும் உட்பிரிவு 2005 இல் தரப்படுத்தப்பட்டது.

செயல்படும் முறை

பிடிஎப் பக்கத்தின் நீள அகலம் புள்ளி என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. ஒரு புள்ளி என்பது ஓர் அங்குலத்தில் 72 இல் ஒரு பங்கு. இதன்படி ஏ4 தாள் ஏறத்தாழ 595 × 842 புள்ளிகள் ஆகும். மாற்றும் மென்பொருள் இந்த அளவில் வெற்றுப் பக்கம் ஒன்றை உருவாக்கி, அதில் படத்தைப் பொருத்துகிறது.

ஜேபெக் படத்தின் தரவை எந்த மாற்றமும் இன்றி அப்படியே பிடிஎப் கோப்பினுள் வைக்க முடியும். பிஎன்ஜி படத்தையும் இழப்பின்றி உள்ளடக்கலாம். ஆகவே பிடிஎப் ஆக மாற்றுவதனால் மட்டும் படம் மங்குவதில்லை. கோப்பின் அளவைக் குறைப்பதற்காகப் படம் மீண்டும் சுருக்கப்படும்போதே தெளிவு குறைகிறது.

கோப்பின் அளவும் தெளிவும்

ஏ4 தாளை அங்குலத்திற்கு 300 படப்புள்ளிகள் வீதம் வருடினால் 2480 × 3508 படப்புள்ளிகள் கிடைக்கும். சுருக்கப்படாத நிலையில் வண்ணப்படம் ஒன்றுக்கு இது சுமார் 26 மெகாபைட்டு ஆகும். அதே தாளை 150 படப்புள்ளிகள் வீதம் சாம்பல் நிறத்தில் வருடினால் சுமார் 2.2 மெகாபைட்டு மட்டுமே. ஜேபெக் முறையில் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் இது ஏறத்தாழ 220 கிலோபைட்டாகக் குறையும். குறைந்த அளவு வரம்பு விதிக்கும் விண்ணப்பங்களுக்கு வண்ணத்தை விடுவதும் படப்புள்ளிகளைக் குறைப்பதும் பயன்படுவது இதனாலேயே.

அளவைக் குறைக்கும் முறைகள் எல்லாம் தீங்கற்றவை அல்ல. 2013 இல் செருமானியக் கணினியியலாளர் தாவீது கிரீசெல், செராக்சு நிறுவனத்தின் சில கருவிகளில் வருடிய ஆவணங்களில் எண்கள் மாறிவிடுவதைக் கண்டறிந்தார். ஒத்த வடிவங்களை ஒன்றாகக் கருதிச் சேமிக்கும் ஜேபிக்2 என்ற சுருக்கமுறையால் 6 என்ற எண் 8 ஆகத் தோன்றியது. படம் தெளிவாக இருந்தமையால் பிழை எளிதில் புலப்படவில்லை. மதிப்பெண் பட்டியல் போன்றவற்றை அனுப்புமுன் மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பது இதனால் இன்றியமையாதது.

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில்

விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரு நகரங்களிலும் அரசு கலைக் கல்லூரிகளும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியற் கல்லூரிகளும் அமைந்துள்ளன. தமிழ்நாட்டில் பொறியியற் சேர்க்கைக் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடைபெறுகிறது. சொந்தக் கணினி இல்லாத மாணவர்கள் அரசு இ-சேவை மையங்களையும் செராக்சு கடைகளையும் நாடுகின்றனர்.

இப்பகுதியின் ஆவணங்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. இவ்வூர்கள் 1993 செப்டம்பர் 30 வரை தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன. பின்னர் விழுப்புரம் இராமசாமி படையாட்சியார் மாவட்டம் என்ற பெயரில் புதிய மாவட்டம் அமைந்தது. 1997 இல் மாவட்டப் பெயர்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. 2019 இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது. இதனால் ஒரே குடும்பத்தின் பழைய பத்திரம், பெற்றோரின் பள்ளிச் சான்றிதழ், பிள்ளையின் சான்றிதழ் ஆகியவற்றில் வெவ்வேறு மாவட்டப் பெயர்கள் காணப்படலாம். மாவட்டப் பெயரும், நாளும், அலுவலக முத்திரையும் படத்தில் தெளிவாக விழுந்தால்தான் இவை ஒரே இடத்தைக் குறிப்பதைச் சரிபார்ப்பவர் அறிய இயலும். முழுக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் மங்கிய ஊதா முத்திரை மறைந்துபோகக்கூடும். எனவே பழைய ஆவணங்களுக்குச் சாம்பல் நிறமோ வண்ணமோ ஏற்றது. லேமினேட் செய்த சான்றிதழில் ஒளி பட்டு எழுத்து மறையாதிருக்க, செல்பேசியின் மின்னொளியை அணைத்துப் பகல் வெளிச்சத்தில் படம் எடுக்கலாம். இருபுறமும் எழுத்துள்ள தாளுக்கு இரு பக்கங்களும் தேவை.

பாதுகாப்பு

இணையவழி மாற்றம் இரு வகைப்படும். முதல் வகையில் படங்கள் தொலைவிலுள்ள வழங்கிக் கணினிக்கு அனுப்பப்பட்டு அங்கு மாற்றப்படுகின்றன. இரண்டாம் வகையில் பயனரின் உலாவியிலேயே மாற்றம் நிகழ்வதால் படங்கள் வெளியே செல்வதில்லை. பக்கம் திறந்தபின் இணைய இணைப்பைத் துண்டித்தாலும் மாற்றம் நடைபெறுமாயின் அது பெரும்பாலும் இரண்டாம் வகையாகும்.

முதல் வகையில் கோப்பு அழிக்கப்பட்டதா என்பதைப் பயனரால் நேரடியாக அறிய இயலாது. 2019 இல் கேம்ஸ்கேனர் என்ற வருடிச் செயலியின் ஆண்ட்ராய்டு பதிப்பில் தீங்குநிரல் இருப்பதைக் காஸ்பர்சுகி நிறுவனம் கண்டறிந்தது. 2020 சூனில் இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளுள் அதுவும் ஒன்று. இலவசக் கோப்பு மாற்றத் தளங்களின் பெயரில் நடைபெறும் மோசடி பற்றி அமெரிக்காவின் எப்பிஐ 2025 மார்ச்சில் எச்சரித்தது.

ஆதார் அட்டையைப் பொறுத்தவரை, கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை, அது ஏற்கப்படும் இடங்களில் பயன்படுத்தலாம். பொதுக் கணினியில் மாற்றியபின் பதிவிறக்கக் கோப்புறையிலும் குப்பைத்தொட்டியிலும் உள்ள படிகளை நீக்குவது அவசியம். ஆண்ட்ராய்டு செல்பேசிகளில் அச்சிடும் வசதியின் 'பிடிஎப் ஆகச் சேமி' என்ற தெரிவைக் கொண்டு இணையதளம் இன்றியே மாற்றலாம். 2015 இல் தொடங்கப்பட்ட டிஜிலாக்கரில், சான்றிதழை வழங்கிய அமைப்பே வெளியிட்ட ஆவணம் இருப்பின் படம் எடுக்கவேண்டிய தேவையே எழுவதில்லை.

எழுத்துணர்தல்

படத்திலிருந்து உருவான பிடிஎப் கோப்பில் இருப்பது எழுத்தின் படமே, எழுத்தன்று. ஆகையால் அதில் 'தென்னார்க்காடு' என்று தேடினால் விடை கிடைக்காது. எழுத்துணரி மென்பொருள் படத்தின் மேல் கண்ணுக்குப் புலப்படாத எழுத்தடுக்கு ஒன்றைச் சேர்த்துத் தேடலை இயலச் செய்கிறது. 2005 இல் திறமூலமாக வெளியிடப்பட்ட டெசராக்ட் தமிழையும் உணரவல்லது. எனினும் கையெழுத்தும், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்செழுத்துகளும் பிழைகளுக்கு இடமளிக்கின்றன. எழுத்துணர்தல் செய்யாத கோப்புகளுக்கு ஆவணத்தின் வகை, ஆண்டு, ஊர் ஆகியவற்றைக் கோப்பின் பெயராக இடுவது பின்னாளில் தேடி எடுக்க உதவும்.