புரோக்கர் யாருடைய ஆள்?

திருவனந்தபுரம் வழுதக்காட்டில் டிரான்ஸ் டவர்ஸ் என்றொரு கட்டடம் இருக்கிறது. போக்குவரத்து ஆணையர் அலுவலகம் அங்கேதான். கேரள அரசின் காப்பீட்டுத் துறை இயக்குநரகமும் அங்கேதான். இந்தக் காப்பீட்டுத் துறை நேற்று முளைத்ததல்ல. திருவிதாங்கூர் சமஸ்தானம் 1898-இல் தன் ஊழியர்களுக்காகத் தொடங்கிய ஆயுள் காப்பீட்டுத் திட்டம் அதன் வேர். ஆனால் கரமனையிலோ சாலைக் கடைத்தெருவிலோ பைக் வைத்திருப்பவருக்கு அந்தக் கட்டடத்தால் பெரிய பயன் இல்லை. அரசு வண்டிகளும் அரசுசார் நிறுவனங்களின் வண்டிகளுமே பெரும்பாலும் அந்தத் துறையின் கணக்கு. இன்ஷூரன்ஸ் முடிகிற அன்று அவர் தேடிப்போவது ஒரு ஏஜென்டை. பெரும்பாலும் "நாளைக்கு வா சாரே, சர்வர் டவுன்" என்ற பதிலோடு திரும்புவார்.

அடுத்து நடப்பதும் ஊரறிந்த கதை. போனில் சொன்ன தொகை ஒன்று, கையில் வந்த தாளில் இருக்கும் தொகை வேறு. சேசிஸ் நம்பரில் ஓர் எழுத்து தப்பு. மூன்று வருடம் ஒரு க்ளெய்மும் வாங்காமல் ஓட்டியவருக்குச் சேரவேண்டிய 35 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் காணோம். கேட்டால் "எண்டோர்ஸ்மென்ட் போட்டுக்கலாம்" என்பார். போடுவதற்குள் அடுத்த ரின்யூவல் வந்துவிடும்.

இந்த எரிச்சலுக்கு வயது அதிகம். காப்பீட்டைக் கட்டாயமாக்கிய சட்டம் பிறந்த விதத்திலேயே அதன் விதை இருந்தது.

சாலையில் அடிபட்டவருக்கு நஷ்டஈடு கிடைக்க வேண்டும் என்று பிரிட்டன் 1930-இல் மோட்டார் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் அதே ஏற்பாடு எட்டாம் அத்தியாயமாக வந்தது. அந்த அத்தியாயம் மட்டும் 1946 ஜூலை 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டம் எழுதப்படுவதற்குச் சற்று முன்புதான், 1938 பிப்ரவரி 20-இல், திருவனந்தபுரத்தில் சமஸ்தானப் பேருந்து சேவையைச் சித்திரைத் திருநாள் மகாராஜா தொடங்கிவைத்தார். லண்டனிலிருந்து வந்த கண்காணிப்பாளர் சால்ட்டரே முதல் பேருந்தை ஓட்டினார். மோட்டார் அப்போது வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும் பொருள்.

சட்டம் கட்டாயமாக்கியது 'தேர்ட் பார்ட்டி' காப்பீட்டை. முதல் ஆள் வண்டிக்காரர், இரண்டாம் ஆள் கம்பெனி, மூன்றாம் ஆள் அடிபட்டவர். பணம் கட்டுகிறவருக்கு நேரடியாக ஒன்றும் இல்லை. பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து வரும் மனைவிக்குக்கூட இல்லை. ஸ்கூட்டரின் பின்னால் இருப்பவர் இந்தச் சட்டப் பாலிசிக்குள் வரமாட்டார் என்று திலக் சிங் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'ஃபுல் கவர்' எடுத்திருந்தால் அவரும் சேர்த்தி என்று காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2009-இல் தெளிவுபடுத்தியது. இந்த வித்தியாசத்தை ஏஜென்ட் விளக்கிக் கேட்டவர்கள் குறைவு. போலீஸ் மறித்தால் நீட்ட ஒரு தாள் வேண்டும், அவ்வளவுதான் வாங்குகிறவரின் கணக்கு. வாசிக்காமல் வாங்கும் பொருளை விற்பவருக்கு விளக்கிச் சொல்ல என்ன அவசியம்?

1973 ஜனவரி 1 முதல் பொதுக் காப்பீடு முழுக்க அரசுடைமையாயிற்று. 107 கம்பெனிகள் நான்காகச் சுருங்கின. அவற்றில் யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமையகம் சென்னை. அப்போது கட்டணமும் எல்லா இடத்திலும் ஒன்றே, டாரிஃப் கமிட்டி வைத்ததுதான். விலையும் சரக்கும் ஒன்றாக இருக்கும்போது ஏஜென்ட் எதை விற்பார்? வேகத்தை விற்றார். கேஎல்டி நம்பர் வண்டிகள் ஓடிய அந்தக் காலத்தில் கைப்பைக்குள் கார்பன் தாளும் கவர் நோட் புத்தகமும் வைத்திருப்பவரே ராஜா. கவர் நோட் என்னும் தற்காலிகச் சீட்டின் ஆயுள் 60 நாள் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. அதற்குள் பாலிசி வீடு வந்து சேர வேண்டும். வராவிட்டால் மறுபடி ஏஜென்ட் வீட்டு வாசல்.

கவர் நோட்டில் மணியும் நிமிடமும் எழுதுவதற்குப் பின்னால் சுவையான வழக்குக் கதை உண்டு. காலையில் விபத்து, மாலையில் பாலிசி, இரண்டும் ஒரே தேதி என்றால்? நேரம் குறிப்பிடாத பாலிசி அந்த நாள் தொடங்கும்போதே உயிர்பெறுகிறது என்று 1990-இல் ராம் தயாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் கருதியது. கம்பெனிகள் விழித்துக்கொண்டன. பின்னால் வந்த வழக்கில் விபத்து காலை 11.15-க்கு, பாலிசி புதுப்பித்தது மாலை 4 மணிக்கு. நேரம் எழுதியிருந்ததால் கம்பெனி தப்பியது.

எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த கேள்வி ஒன்றுதான்: நடுவில் நிற்பவர் யாருடைய ஆள்? இதற்குக் கிடைத்த மிகக் கசப்பான பதில் மோட்டாரில் அல்ல, ஆயுள் காப்பீட்டில் வந்தது. பாலிசிதாரர் ஒருவர் பாக்கி பிரீமியத்துக்காக 1987 ஜூனில் 2,730 ரூபாய்க்கு ஏஜென்டிடம் பேரர் செக் கொடுத்தார். செக் உடனே பணமானது; ஆனால் எல்.ஐ.சி.க்குப் போகவில்லை. ஆகஸ்ட் 9-இல் அவர் விபத்தில் இறந்தார். மறுநாள் ஏஜென்ட் பணத்தைக் கட்டினார். பிரீமியம் வசூலிக்க ஏஜென்டுக்கு அதிகாரம் கொடுக்கப்படவில்லை, ஆகவே அவரிடம் கொடுத்தது கம்பெனியிடம் கொடுத்ததாகாது என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏஜென்டைக் கம்பெனியின் முகமாகவே பார்த்துவந்தவர்களுக்கு இது பெரிய அடி.

'புரோக்கர்' என்று ஊர் எல்லாரையும் சொல்லும். சட்டத்தில் அந்தச் சொல்லுக்குத் தனிப் பொருள் 2002-இல் வந்த விதிமுறைகளோடுதான் கிடைத்தது: ஏஜென்ட் கம்பெனிக்காக நிற்பவர், புரோக்கர் வாங்குபவருக்காக நிற்பவர். கமிஷன் கொடுப்பது என்னவோ இருவருக்கும் கம்பெனிதான்! அந்தக் கமிஷன் கணக்கைப் பார்த்தால் "சர்வர் டவுன்" ரகசியமும் விளங்கும். தேர்ட் பார்ட்டி மட்டும் எடுக்க வந்தவரால் ஏஜென்டுக்கு வெகுகாலம் ஒரு காசும் இல்லை. 2017-இல்தான் 2.5 சதவீதம் அனுமதிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் வண்டி ஷோரூம்களும் முறைப்படி விற்பனையாளர்களாகச் சேர்க்கப்பட்டன. இருசக்கர வண்டியின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 22.5 சதவீதம் வரை அவர்களுக்குப் போகலாம் என்று அப்போது இருந்தது. ஷோரூமில் கொடுக்கும் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

2018-இல் ஒரே அடியாக இரண்டு மாற்றங்கள். கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், கேரளத்தைச் சேர்ந்த முன்னாள் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையிலான குழு ஒரு கணக்கைச் சுட்டிக்காட்டியது: நாட்டில் ஓடும் சுமார் 18 கோடி வண்டிகளில் காப்பீடு உள்ளவை சுமார் 6 கோடியே. அதன் விளைவாகச் செப்டம்பர் 1 முதல் புதிய பைக்குக்கு ஐந்து வருடத் தேர்ட் பார்ட்டி காப்பீட்டை முன்னதாகவே எடுத்தாக வேண்டும் என்றாயிற்று. சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பையொட்டி உரிமையாளருக்கான விபத்துக் காப்பு பைக்குக்கு 1 லட்சத்திலிருந்து 15 லட்சமாயிற்று. அதற்கான கட்டணமும் வருடம் 50 ரூபாயிலிருந்து 750 ஆயிற்று. இரண்டுமே நல்ல மாற்றங்கள்தாம். ஆனால் கவுண்டரில் நின்றவருக்குத் தெரிந்தது பில் ஏறியது மட்டுமே; ஏன் ஏறியது என்று சொல்ல அங்கே ஆளில்லை.

இப்போது காப்பீடில்லாமல் பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய், அடுத்த தடவை 4,000. 2023 ஜூனிலிருந்து கேரளச் சாலைகளில் 726 கேமராக்கள் வேறு கண்விழித்திருக்கின்றன. புரோக்கரின் குறைபாட்டைக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் புகாராகக் கொடுக்கலாம் என்ற விதி 2021 மார்ச்சில்தான் வந்தது. காப்பீடு கட்டாயமாகி அப்போது 75-ஆம் வருடம் நடந்துகொண்டிருந்தது. திருவனந்தபுரத்துக்காரர் அதற்குக் கொச்சி அலுவலகத்துக்கு எழுத வேண்டும். முதலில் புரோக்கருக்கு எழுத்தில் புகார், ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் கொச்சிக்கு மனு. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.