கைவிடப்பட்டோரும் கண்டிக் கத்தோலிக்கரும்

1658 இல் போர்த்துக்கேயரை இலங்கையினின்றும் அகற்றிய ஒல்லாந்தர், தம் ஆட்சிப் பகுதிகளில் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து குருமாரை வெளியேற்றினர். கிறித்தவரே கிறித்தவரை ஒடுக்கிய அந்நாளில், ஒடுக்கப்பட்டோர் பலருக்குப் புகலிடமாய் விளங்கியது பௌத்த மன்னரின் கண்டி இராச்சியமே என்பதை நாம் மறத்தலாகாது.

எனினும் குருவின்றி வாடியது அச்சிறு சமூகம். 1692 இல் அங்கு சென்ற கோவா நாட்டுக் குரு யோசேவாஸ் அடிகளோ ஒற்றரென ஐயுறப்பட்டுச் சிறையிடப்பட்டார். 1697 இல் கண்டியில் வைசூரி பரவியது. நோயுற்றோரை உற்றாரே கைவிட்டனர். அடிகளும் உடனிருந்த குருவும் சமய வேறுபாடு பாராது அவர்களுக்கு உணவூட்டினர், புண் கழுவினர், இறந்தோரை அடக்கம் செய்தனர். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனும் அத்தொண்டைப் போற்றினான்.

1711 இல் அடிகள் கண்டியிலேயே மறைந்தார். ஒளிந்து வாழ்ந்த மக்களுக்கு நிமிர்வளித்தது அரச தயவன்று. கைவிடப்பட்டோர்க்கு ஆற்றிய தொண்டே என்போம்.