வீட்டினுள் நீர்வழித் தோட்டம்: மிளகாயும் வாசனைத் தழைகளும்

மண் இல்லாமல், சத்துகள் கரைந்த நீரில் வேரை நிறுத்திச் செடி வளர்க்கும் முறை நீர்வழி வேளாண்மை அல்லது ஹைட்ரோபோனிக்ஸ் எனப்படுகிறது. மிளகாயையும் துளசி, திருநீற்றுப்பச்சிலை, கொத்தமல்லி போன்ற வாசனைத் தழைகளையும் வீட்டுக்குள் ஒரே தொட்டியில் வளர்ப்பது இதன் சிறிய வடிவம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய சென்னையின் மேற்குப் புறநகர்களில், தோட்டம் போட இடமில்லாத அடுக்குமாடி வீடுகளுக்கு இது ஏற்றது. குளிர்நாட்டவர் எழுதிய வழிமுறைகள் ஒளியைப் பற்றியே அதிகம் கவலைப்படும். இப்பகுதியில் அதைவிட முக்கியமானவை நீரின் உப்பும் கோடையின் வெப்பமும்.

ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரை 1937இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கெரிக். அடுத்த ஆண்டே அதே பல்கலைக்கழகத்தின் ஹோக்லந்தும் ஆர்னனும் வெளியிட்ட சத்துக்கரைசல் வாய்பாடு இன்றும் பல கலவைகளுக்கு அடிப்படையாக உள்ளது. இந்தியாவில் ஷோல்ட்டோ டக்ளஸ் என்பவர் 1946இல் காலிம்பொங் வட்டாரத்தில் செலவு குறைந்த ஒரு முறையை உருவாக்கினார். அது வங்காள முறை என்று அறியப்படுகிறது.

இரு பயிர்களையும் சேர்த்து வளர்ப்பதில் உள்ள சிக்கல் அவற்றின் பசியில் இருக்கிறது. கரைசலில் எவ்வளவு உப்பு உள்ளது என்பதை மின்கடத்துதிறன் காட்டும். திருநீற்றுப்பச்சிலைக்குச் சென்டிமீட்டருக்கு 1.0 முதல் 1.6 மில்லிசீமென்ஸ் போதும். காய்க்கும் மிளகாய்க்கு 2.0க்கு மேல் தேவைப்படும். தழைக்கு நைட்ரஜன் அதிகம் வேண்டும்; பூத்த மிளகாய்க்குப் பொட்டாசியமும் கால்சியமும். கரைசலை 1.6 முதல் 1.8 வரை வைத்தால் இரண்டும் சமாளித்துக்கொள்ளும். காய்ப்பு சற்றுக் குறையும், தழை கெடாது. நல்ல மகசூல்தான் நோக்கம் என்றால், மிளகாய் பூத்ததும் அதைத் தனி வாளிக்கு மாற்றுவதே சரி. அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு இரண்டுக்கும் 5.5 முதல் 6.5.

தண்ணீரைச் சோதிக்காமல் தொடங்குவது பெருந்தவறு. இப்புறநகர்களில் பல வீடுகள் ஆழ்துளைக் கிணற்றையும் லாரித் தண்ணீரையும் நம்பியிருக்கின்றன. லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்பு கரைந்த நீரின் மின்கடத்துதிறன் சுமார் 1.5 முதல் 2 வரை இருக்கும். உரம் ஒரு சிட்டிகைகூடப் போடுமுன்பே தழைகளின் எல்லையைத் தொட்டுவிடுகிறது அல்லது தாண்டிவிடுகிறது. கடின நீரிலுள்ள பைகார்பனேட் பி.எச். அளவையும் ஏற்றிக்கொண்டே போகும். அப்போது இரும்புச் சத்து நீரில் இருந்தாலும் செடிக்குக் கிடைக்காது: புதுத் தளிர் வெளிறி மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். வீட்டு ஆர்.ஓ. நீரையோ சேமித்த மழைநீரையோ பாதிக்குப் பாதி கலப்பது நல்ல தீர்வு. ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீரில் உப்பு செறிந்திருக்கும். அதைத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

உரக்கடையில் எளிதில் கிடைக்கும் 19:19:19 உரம் இதற்குப் பொருந்தாது. அதிலுள்ள நைட்ரஜனில் பாதிக்கு மேல் யூரியா வடிவில் இருக்கிறது. மண்ணின் நுண்ணுயிர்கள் இல்லாத நீரில் செடி அதை எளிதில் எடுத்துக்கொள்ளாது. கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், மக்னீசியம் சல்பேட், நுண்ணூட்டக் கலவை ஆகியவையே அடிப்படை. கால்சியம் நைட்ரேட்டைத் தனிப் புட்டியிலும் மற்றவற்றை வேறொரு புட்டியிலும் கரைத்து வைப்பார்கள். செறிவான நிலையில் சேர்ந்தால் சல்பேட்டும் பாஸ்பேட்டும் கால்சியத்தோடு கூடி வெள்ளைப் படிவாகத் தங்கிவிடும்.

அடுத்தது வெப்பம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் 7.5 மட்டுமே. சூடேறிய தொட்டியில் வேர் பழுப்பாகி வழவழத்து அழுகத் தொடங்கும். தொட்டியைத் தரைமட்டத்தில், வெயில் படாமல், வெள்ளைத் துணி சுற்றி வைப்பதோடு காற்றுக்குமிழ்க் கருவியும் ஓட வேண்டும். மீன்தொட்டிக்கான சிறு பம்பும் குமிழ்க்கல்லும் இதற்குப் போதும். இவற்றை வாங்க, வண்ணமீன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற கொளத்தூர் அம்பத்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குழாயில் மெல்லியதாக நீர் ஓடும் அமைப்பில் மின்சாரம் நின்றால் வேர் விரைவில் காய்ந்துவிடும். 2016 டிசம்பரின் வர்தா புயல், 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயல் போன்றவற்றுக்குப் பின் நீண்ட மின்தடையைக் கண்ட நகரத்தில், வேர் நீரில் மூழ்கியே இருக்கும் ஆழ்தொட்டி முறைதான் நம்பத்தக்கது. மூடி இறுக்கமாகப் பொருந்த வேண்டும்: ஒளி புகுந்தால் பாசி பிடிக்கும், இடைவெளி இருந்தால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

வெப்பத்தைத் தாங்கும் தழைகளே மிளகாய்க்கு நல்ல துணை. துளசி, திருநீற்றுப்பச்சிலை, கற்பூரவல்லி மூன்றும் ஆண்டு முழுவதும் நிற்கும். கொத்தமல்லி கோடையில் போதிய இலை விடுமுன் பூத்துவிடுவதால், நவம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டும், விதையை இரண்டாக உடைத்துத் தென்னைநார்த் தூளில் விதைப்பது பயன் தரும். புதினாத் தண்டு ஒரு வாரத்தில் வேர்விடும். ஆனால் அதன் வேர் தொட்டி முழுதும் படர்ந்து மிளகாய் வேரோடு சிக்கிக்கொள்ளும். அதற்குத் தனி வாளியே பொருத்தம்.

சன்னல் வெளிச்சம் தழைக்குப் போதுமானதாக இருக்கலாம், மிளகாய்க்குப் போதாது. எல்.இ.டி. விளக்கை நாளுக்கு 14 மணி நேரம் எரியவிட்டு, உயரும் மிளகாயை ஓரத்தில் நிறுத்தினால் தழைமேல் நிழல் விழாது. வீட்டுக்குள் காற்றசைவு குறைவு. பூத்த கிளையைக் காலையில் விரலால் மெல்லத் தட்டினால் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும். அறை 35 டிகிரியைத் தாண்டும் அக்னி நட்சத்திர நாட்களில் பூ உதிர்வது இயல்பு. அதற்காக உரத்தைக் கூட்டுவது வீண்.

மூடிய அறையில் இலைப்பேனும் மஞ்சள் முரணைச் சிலந்தியும் விரைவாகப் பெருகி, மிளகாய்த் தளிரைச் சுருட்டிவிடும். பக்கத்திலேயே பச்சையாகப் பறித்துத் தின்னும் தழை இருப்பதால் இரசாயன மருந்து அடிக்க வழியில்லை. சுருண்ட நுனியைக் கிள்ளி எறிவதும், இலையின் அடிப்பக்கம் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதும், சில நாள் கழித்து நன்கு கழுவிப் பறிப்பதுமே வழி.

தழைகளை மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் அவ்வப்போது கிள்ளலாம். பச்சை மிளகாய், நாற்று நட்டு இரண்டரை மாத அளவில் பறிப்புக்கு வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கரைசலை முழுதும் மாற்ற வேண்டும்; பழைய நீரை நல்ல நீரோடு கலந்து வாழைக்கோ தென்னைக்கோ ஊற்றலாம்.